மேளத்துக்கு ஆடிய குதிரை

அறைக்குள் இருந்தபடியே ஊர் முழுக்கக் கேட்ட என் அண்ணைக்கு,

சுகமா என்று கேட்கமாட்டேன். செத்தவனிடம் சுகம் விசாரிக்கிறாள் விசரி என்று நீயே சிரிப்பாய். நேரே விஷயத்துக்கு வருகிறேன். உன் கதிரையைக் கொடுத்துவிட்டேன். சுவிஸ் மாமா அனுப்பிய அந்த மின்சாரச் சக்கரக் கதிரையைத்தான். நீ அதை ஓட்டிப் பழகும்போது கேற் தூணில் மோதி உதிர்ந்த சீமெந்து இன்னும் பூசப்படவில்லை. அந்தக் கதிரையைக் கொடுத்து ஒரு குதிரை வாங்கினேன். வருத்தக்காரக் குதிரை, நோய் பிடித்தது.

அம்மாவிடம் கேட்கவில்லை. உன்னிடம் கேட்க வழியில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நாலு பேர் வாசிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தே பழகிவிட்டோம். இதை அப்படிச் செய்ய எனக்கு மனமில்லை.

நீ போய் மூன்று வருடம். நான் இப்போது மருதனார்மடத்தில் ஒரு ஸ்ரூடியோவில் வேலை செய்கிறேன். கலியாண வீடுகளில் வீடியோ எடுப்பேன், பிறகு கணினியில் வெட்டி ஒட்டுவேன். உடுப்பிட்டியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறேன். உனக்குக் கலியாண வீடு என்றால் சோறு மட்டும்தான் ஞாபகம் இருக்கும், அதுவும் யாராவது பார்சல் கட்டிக் கொண்டுவந்த சோறு. உன்னை ஒரு மண்டபத்துக்கும் எவரும் கூட்டிப்போனதில்லை. எல்லா மண்டபத்துக்கும் வாசலில் படி.

இப்போது கலியாணங்கள் வேறு மாதிரி. ஆவணி பிறந்தால் வெளிநாட்டு மாப்பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். புகைக்குண்டு, வாணவேடிக்கை, தலைக்கு மேல் பறக்கும் கமெரா. இரண்டு வருடமாகக் குதிரையும் சேர்ந்துவிட்டது. மணவறை வாடகைக்கு விடும் சிவநேசன் அண்ணை அதைக் கொண்டுவந்தார். மலைநாட்டில் பந்தயம் ஓடி ஓய்ந்த வெள்ளைக் குதிரை. பெண் குதிரை. பெயர் ஜூலி. குதிரைக்கு நாய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று உனக்குக் கட்டாயம் சிரிப்பு வரும்.

எந்த ஒழுங்கைக்குள் குதிரை போகலாம், எந்த ஒழுங்கைக்குள் போகக்கூடாது என்று அவரிடம் சாதி பார்த்துப் போட்ட, எழுதாத ஒரு பட்டியலும் இருந்தது. சில வீட்டுக்காரர் தொலைபேசியில் கேட்டால் குதிரைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிடுவார். உண்மையிலேயே சுகமில்லாமல் இருந்தபோது அவருக்கு அது தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. எனக்கும்தான்.

ஜூலி நடக்கும்போது ஒரு குறையும் தெரியாது. பெண் வீட்டு வாசலில் ஆரத்தி எடுக்கும்வரை நிற்கவேண்டும், அங்கேதான் தொடங்கும். தவில் முழங்கும்போது அதன் தோளும் தொடையும் படபடக்கும். பின்னங்கால்களை மாற்றி மாற்றி எடுத்து வைக்கும். நாலு காலையும் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி நிற்கும். மேளத்துக்கு ஆடுது பார் என்று சனம் கைதட்டும். சிவநேசன் அண்ணை அதைத் தன் விளம்பரப் பலகையிலேயே போட்டுவிட்டார். நான் அந்த நடுக்கத்தைத் தவில் அடிக்குப் பொருத்தி வெட்டி இணையத்தில் ஏற்றினேன். கனடாவிலிருந்துகூட ஆட்கள் பார்த்து, அதே குதிரைதான் வேண்டும் என்று கேட்டார்கள்.

ஆவணி முடிகிற நேரம் ஒரு கலியாணத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு எல்லாம் ஸ்லோ மோஷனில் வேண்டுமாம். காதில் போடும் கருவி பழுது, அதனால் சத்தமில்லாமல் பார்த்தேன். தவில்காரர் கையைக் கீழே போட்டு வியர்வை துடைக்கிறார். நாதஸ்வரக்காரர் சோடா குடிக்கிறார். குதிரையின் தொடை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

எனக்கு உன் கால்தான் ஞாபகம் வந்தது அண்ணை. பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டம். உனக்குப் பத்து வயது. தேவாரம் முடியும்வரை நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைப்பாய். ஒருநாள் வாத்தியார் வந்து, இஞ்சை என்ன டான்ஸோ நடக்குது என்று கேட்டு, அந்தக் காலிலேயே பிரம்பால் போட்டார். முழுப் பள்ளிக்கூடமும் சிரித்தது. எட்டு வயதுப் பிள்ளைகளின் வரிசையில் நின்று நானும் சிரித்தேன். தசைநார்ச் சிதைவு என்ற சொல் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கு அடுத்த வருடம். மன்னிப்புக் கேட்க அந்த வாத்தியார் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த நாளே சிவநேசன் அண்ணையின் வீட்டுக்குப் போனேன். கொட்டிலுக்குள் குதிரை படுத்திருந்தது. மேலே தகரம், நாலு பக்கமும் அடைப்பு, உள்ளே ஒரு மின்விசிறி. கடலை, தவிடு, வைக்கோல் எல்லாம் குறைவில்லாமல் இருந்தன. அவர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லவேண்டும். தன் பிள்ளைகளின் அறைக்கு மின்விசிறி போடாதவர் குதிரைக்குப் போட்டிருந்தார். நல்லாய்த் தின்னுது பிள்ளை, ஆனால் உடம்பிலை ஒட்டுதில்லை என்று அவரே கவலைப்பட்டார். கொஞ்ச நாளாய்ப் பகலிலும் படுக்கிறதாம்.

அரசாங்க மிருக வைத்தியரை நான்தான் கூட்டிவந்தேன். என்னைவிட நாலைந்து வயது கூடிய பெண். மாடும் ஆடும் பார்க்கிறவர், குதிரையைப் பரீட்சைக்குப் படித்ததோடு சரி என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. என் வீடியோவை முழுவதும் பார்த்தார், குதிரையைத் தடவிப் பார்த்தார், தனக்குப் படிப்பித்த ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியா எப்ப பச்சைப் புல் திண்டது?"

சிவநேசன் அண்ணையின் முகத்தில் பெருமை. "புல்லே குடுக்கிறேல்லை டொக்டர். வாயெல்லாம் பச்சையாகிப்போம், சாணி இளகினால் வால் பழுதாகும். வெயிலிலையும் விடுறேல்லை. வெள்ளையாய் இருக்கோணுமெல்லோ."

இரண்டு வருடம் அந்தக் குதிரை ஒரு பச்சைப் புல்லைக் கண்டதில்லை. அதிலிருக்கும் விற்றமின் ஈ கிடைக்காமல் தசையை ஆட்டுகிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும் என்றார் டொக்டர். நடக்கிற தசையைவிட நிற்கிற தசைதான் முதலில் கெடுமாம். இரத்தத்தைச் சோதித்து உறுதிப்படுத்த இங்கே வசதி இல்லை, ஆனால் தனக்குச் சந்தேகம் இல்லை என்றார். போன நரம்பு வராது. இருக்கிறதைப் புல்லும் மருந்தும் காப்பாற்றலாம், காப்பாற்றாமலும் போகலாம். இனி யாரும் ஏறக்கூடாது.

படங்களில் வெள்ளையாய்த் தெரியவேண்டும் என்பதற்காக. நான் எடுத்த படங்களில்.

ஏறமுடியாத குதிரையை வைத்து என்ன செய்வது? வேறு மாவட்டத்திலிருந்து ஒருவர் வந்து லொறியில் ஏற்றிப்போவார் என்றார் சிவநேசன் அண்ணை. எதற்கு என்று நான் கேட்டேன். இறைச்சிக்குத்தான் என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னார். அந்த நேரம் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் அவரையும் மனைவியையும் மாறிமாறிக் கூப்பிட்டது. பாரிசவாதம் வந்த அவருடைய அம்மாவைப் பிளாஸ்ரிக் கதிரையில் வைத்து இரண்டு பேரும் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த வயதான மனிசி தூக்குகிறவர்களைத் திட்டிக்கொண்டே போனார். கூச்சத்தில்தான் திட்டுகிறார் என்று எனக்குத் தெரியும். நீயும் அப்படித்தான் திட்டுவாய்.

அவர் திரும்பி வந்ததும் சொல்லிவிட்டேன். யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

"உனக்கு விசரோ பிள்ளை? சாகப்போற குதிரைக்கு ஓடுற கதிரையோ?"

"ஓம்" என்றேன்.

அம்மா சந்தைக்குப் போயிருந்த காலை நேரத்தில் பட்டா என்கிற சின்னப் பார வாகனத்தில் குதிரை வந்து இறங்கியது. அதே வாகனத்தில் கதிரை ஏறிப் போனது. மேலே போர்த்தியிருந்த அம்மாவின் பழைய சீலையை மடித்து உன் கட்டிலில் வைத்தேன். அம்மா வந்து குதிரையைப் பார்த்தார். உன் அறைக்குப் போனார். தும்புத்தடியை எடுத்துக் கதிரை நின்ற இடத்தைக் கூட்டினார். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. மூன்று வருடம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தக் கதிரையைத் துடைத்தவர். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் அண்ணை.

புரட்டாதியில் புல்லுக்கு எங்கே போவது? ஊரே காய்ந்து கிடந்தது. எங்கள் வெங்காயத் தோட்டத்துத் தறையின் வாய்க்கால் கரையில்தான் அறுகம்புல் பச்சையாய் இருந்தது. வேலைக்குப் போக முன்னும் வந்த பின்னும் வெட்டினேன். மாடு வளர்க்கிறவர்களிடம் கெஞ்சினேன். விற்றமின் குளிசையை நெல்லியடியில் மருந்துக்கடையில் அள்ளி அள்ளி வாங்கினேன். அங்கே நிற்கும் பிள்ளை என் முகத்தை உற்றுப்பார்த்து, "அக்கா, இவ்வளவும் முகத்துக்குப் பூசவோ?" என்று கேட்டாள். குதிரைக்கு என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவள் கோபித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஒரு வருத்தக்காரன் போக இன்னொண்டைக் கொண்டந்து கட்டியிருக்கிறியள்" என்றார். உன் வருத்தத்துக்கு அம்மாவின் வயிறுதான் காரணம் என்று ஊருக்கெல்லாம் சொன்ன அதே மாமி. எந்த நேர்த்தி தவறியது, எந்தச் சாபம் என்று வீடு வீடாய்க் கதைத்தவர்களில் ஒருவருக்காவது கேற்றடியில் படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவு கட்டித்தரவேண்டும் என்று தோன்றியதா?

ஐப்பசியில் முதல் மழை பெய்த காலை, குதிரை தறைக்குள் விழுந்து கிடந்தது. எழும்ப முயன்று முயன்று சேற்றைக் குழப்பியிருந்தது. ஒரு பகலுக்குள் எழும்பாவிட்டால் வந்து ஊசி போட்டுவிடுவதுதான் அதற்குச் செய்யும் நன்மை என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். நான் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னேரம் வருவேன், அதுவரை பாருங்கள் என்றார். வண்டிச் சவாரிக்கு மாடு வளர்க்கிற இரண்டு பேர் கயிறும் தடியும் கொண்டு வந்தார்கள். வாலடியில் கயிறு போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கினார்கள். மூன்று தரம் தூக்கினார்கள், மூன்று தரமும் அது முகங்குப்புற விழுந்தது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. நான் அழுதுகொண்டு நின்றேன். வேறொன்றும் செய்யவில்லை.

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் சொல்.

"எடி, உது மாட்டைப்போலை பின்னாலையோ எழும்புறது, முன்னாலையோ?"

முன்னால் என்றேன். டொக்டர் சொல்லியிருந்தார், நான்தான் பதற்றத்தில் மறந்துவிட்டேன். குதிரை முதலில் முன்னங்காலை நீட்டி ஊன்றும். இவர்கள் மாட்டை எழுப்புவதுபோலப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப கயிறைக் கழட்டுங்கோ தம்பியவை. பாரமான உடம்பை நேரை தூக்கேலாது. முதல் பக்கம் மாத்துங்கோ. கீழை கிடந்த கால் மரத்துப்போயிருக்கும்."

உன்னைத் தூக்கிய அதே அம்மா, அண்ணை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உன்னைப் பக்கம் மாற்றிப் படுக்கவைத்த அதே கைகள். புண் வராமல் இடுப்புக்குக் கீழே எதை வைப்பது, எங்கே பிடித்தால் நோகாது, எப்போது இளைப்பாறவிடுவது எல்லாம் அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது. சேற்றுக்குள் இறங்கினார். வைக்கோல் திணித்த சாக்குகளைத் தோளுக்குக் கீழே செருகச் சொன்னார். சாக்குத் துணியால் கால்களைத் தேய்த்தார். அவசரப்பட்ட ஆட்களை அதட்டி ஓரமாக நிற்கவைத்தார். அரை மணித்தியாலம் ஒருவரும் குதிரையைத் தொடவில்லை. பிறகு முன்னங்கால் இரண்டையும் இழுத்து நீட்டி, நெஞ்சுக்குக் கீழே சாக்கை உருட்டி, "இப்ப" என்றார். உனக்குச் சொல்வது போலவே, மூச்சை இழுத்து, மெதுவாக.

எழும்பிவிட்டது. நாலு காலும் நடுங்க, சேற்று நிறத்தில், வெள்ளை என்ற பேச்சே இல்லாமல் நின்றது. நடுக்கத்தைப் பார்த்து ஒருவரும் கைதட்டவில்லை. சவாரிக்காரரில் ஒருவர், அம்மாவைத் தங்கள் மாட்டுக்கும் ஒருக்கால் வந்து பார்க்கச் சொன்னார்.

கிணற்றடியில் கால் கழுவும்போது அம்மா என்னைப் பார்க்காமலே கேட்டார். "கேட்டிருந்தால் தந்திருக்கமாட்டன் எண்டுதானே கேக்கேல்லை?"

"ஓம் அம்மா."

"தந்திருக்கமாட்டன்தான்." வாளியைக் கவிழ்த்து வைத்தார். "ஆனால் கேட்டிருக்கோணும்."

அவ்வளவுதான். அவர் சொன்னது சரி. நான் செய்தது பிழை. அதிலிருந்து நல்லது வந்ததால் பிழை சரியாகிவிடாது, அதை உனக்கும் சொல்லிவைக்கிறேன்.

அந்தக் கிழமையே அம்மா ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி மருதனார்மடத்தில் சிவநேசன் அண்ணையின் வீட்டுக்குப் போனார். கதிரையைப் பார்க்கத்தான். திரும்பி வந்து ஒரே முறைப்பாடு. பற்றறியை எப்படிச் சார்ஜ் பண்ணுவது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாதாம். கால் வைக்கிற தட்டை உயரம் மாற்றாமல் மனிசியை இருத்தியிருக்கிறார்களாம். எல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். மனிசி இப்போது தானே ஓட்டிப் படலையடிக்கு வந்து, றோட்டால் போகிற எல்லோரையும் மறித்துக் கதைக்கிறாராம். மருமகளிடம் தூக்கச் சொல்லித் திட்டுவது நின்றுவிட்டதாம். இதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் இருந்ததை நான் வீடியோ எடுக்கவில்லை. சிலதை எடுக்கக்கூடாது என்று இப்போதுதான் படிக்கிறேன்.

இப்போது தை. மாரி நன்றாகப் பெய்தது. வயல் வரம்பு, ஒழுங்கை ஓரம், குளக்கட்டு, பார்க்கிற இடமெல்லாம் பச்சை. ஜூலியின் வாயும் பச்சை. வால் பார்க்கச் சகிக்காது. போன கிழமை டொக்டர் வந்து தொடையை அமத்திப் பார்த்தார். நடுக்கம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. விலா எலும்புகள் கொஞ்சம் மூடியிருக்கின்றன. மார்கழி முழுவதும் ஒருநாளும் விழவில்லை. நோய் அந்த இடத்திலேயே நின்றுவிட்டதுபோலத் தெரிகிறது என்றார். முழுதாய்ச் சுகமாகும் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உனக்கு இப்படி ஒரு புல் இருந்திருந்தால் நான் கடலுக்குள் இறங்கியும் வெட்டியிருப்பேன். இருக்கவில்லை. உன் வருத்தம் வேறு, இதன் வருத்தம் வேறு என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். குதிரையை நாங்கள் நீ என்று நினைக்கவில்லை. நீ இவ்வளவு சாணி போட்டதில்லை.

வேறு புதினம். நீ பாதியில் விட்ட பள்ளிக்கூடத்தில் நூலக வாசலுக்குச் சரிவுப் பாதை கட்டிவிட்டார்கள். திறப்பு விழாவை நான்தான் வீடியோ எடுத்தேன். நாடா வெட்டிய பிறகு பார்த்தால், சரிவின் நடுவில் வரிசையாகப் பூச்சாடி. வடிவுக்காம். எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் ஒவ்வொன்றாகத் தூக்கி ஓரத்தில் வைத்தேன். அடுத்த முறை போகும்போது திரும்ப நடுவில் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து குதிரைக்குப் போடுவேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் அரியாலை. தரகர் அம்மாவிடம் மெதுவாக, அன்றைக்கு மட்டும் குதிரையை எங்கேயாவது ஒதுக்குப்புறமாகக் கட்டினால் நல்லது என்றிருக்கிறார்.

அப்படி ஒருநாள் உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இருபத்தொரு வயது. வந்தவர்கள் கூடத்தில் இருந்தார்கள். உன் அறைக் கதவை நான்தான் சாத்தினேன். நீ கிரிக்கெட் வர்ணனையை முழுச் சத்தத்தில் போட்டு, விக்கெட் விழ விழக் கத்தினாய். உள்ளே யார் என்று அவர்கள் கேட்டார்கள். அது ரேடியோ என்றார் அம்மா. அவர்கள் போன பிறகு, "ரேடியோவுக்கு ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?" என்று கேட்டாய். சாகும்வரை உன்னை நீயே அப்படித்தான் சொன்னாய். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். சிரிக்கிற விஷயமா அது? நீ எங்களை மன்னித்துத்தான் சிரித்தாயா, அல்லது வேறு வழியில்லாமலா? நான் ஒருநாளும் கேட்கவில்லை.

தரகருக்கு அம்மா என்ன சொன்னார் தெரியுமா? "குதிரை முன்னுக்குத்தான் நிக்கும். என்ரை மகன்ரை படமும் கூடத்திலைதான் இருக்கும். விருப்பமெண்டால் வரட்டும்." தரகர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். ஆனாலும் வருகிறோம் என்று அரியாலையிலிருந்து செய்தி வந்தது. மாப்பிள்ளை தொலைபேசியில் முதலில் விசாரித்தது குதிரையைத்தானாம். அதை வைத்து நான் ஒன்றும் முடிவெடுக்கவில்லை. குதிரை பார்க்க வருகிறவனாகவும் இருக்கலாம்.

உனக்கு வாக்குத் தருகிறேன். அன்றைக்கு உன் அறைக் கதவு திறந்திருக்கும். உன் வருத்தம் என்ன என்று என் வாயாலேயே அவர்களுக்குச் சொல்வேன், சரியான பெயரோடு. அது என் இரத்தத்திலும் இருக்கிறதா என்று பார்க்கக் கொழும்பில் சோதனைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன் என்பதையும் சொல்வேன். முடிவு எதுவாக இருந்தாலும் அம்மாவின் வயிற்றைப் பற்றி எவரும் அந்தக் கூடத்தில் ஒரு சொல் கதைக்க விடமாட்டேன். ஜூலி விழும்போதெல்லாம் தூக்குவோம். தூக்க முடியாத நாள் வந்தால் பக்கத்தில் இருப்போம், ஒளித்துவைக்கமாட்டோம். நிற்கும்வரை அது முற்றத்தில், எல்லோரும் பார்க்க, நடுங்கிக்கொண்டே புல்லுத் தின்னட்டும்.

வந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, இது யாருடைய அறை என்று கேட்டால், என் அண்ணையின் அறை என்பேன்.

இப்படிக்கு,
ரேடியோவின் தங்கச்சி